அம்மாவுக்கும் மாரடைப்பு வரும்

(நெகிரி செம்பிலான் தோட்டப்புறக் குடும்பங்களுக்காக நம் அறநிதி நடத்திய சுகாதார நாளில், ஓய்வுபெற்ற அரசாங்க மருத்துவமனைத் தாதி ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

நான் மேடைப் பேச்சாளர் அல்லள். முப்பது ஆண்டுகளுக்கு மேல் அரசாங்க மருத்துவமனைகளில் வெள்ளைச் சீருடை அணிந்து வேலை செய்தவள். தோட்டத்து மக்கள் 'மிஸ்ஸி' என்று கூப்பிடுவார்களே, அந்த மிஸ்ஸிகளில் ஒருத்தி. பஹாவ் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில், லயத்து வீட்டில் பிறந்தேன். ஆயாக் கொட்டகையில் வளர்ந்து, தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் படித்தேன். ஆகவே இன்று நான் சொல்லப்போவது புத்தகத்தில் படித்தது பாதி, பட்டுத் தெரிந்துகொண்டது பாதி.

நம் ஆலயங்களில் அர்த்தநாரீசுவரர் திருவுருவத்தைப் பார்த்திருக்கிறீர்கள். வலப்பாகம் அப்பன், இடப்பாகம் அம்மை. மனித உடம்பில் இருதயம் சாய்ந்திருப்பதும் இடப்பக்கம்தான். அம்மைக்கு உரிய அந்தப் பக்கத்தில் வரும் நோயை, ஆண்களின் நோய் என்று நாம் இவ்வளவு காலம் எண்ணிக்கொண்டிருந்தோம். அந்த எண்ணத்தால் எத்தனை வீடுகளில் விளக்கு அணைந்தது என்பதைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன். முதலில் என் வீட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

என் தாயாருக்கு நேர்ந்தது

1984-ஆம் ஆண்டு. எனக்கு வயது 27. பயிற்சி முடித்து, இருதய நோயாளிகள் இருக்கும் வார்டில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். தீபாவளிக்காக இரண்டு நாள் விடுப்பு எடுத்து வீட்டுக்கு வந்திருந்தேன். என் தாயாருக்கு அப்போது 52 வயது. இனிப்பு நீர் உண்டு. அதற்கு முந்தைய ஒரு மாதமாகவே, நிரை முடிவதற்குள் இளைப்பு வாங்குகிறது, கை ஓய்ந்துபோகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு கிளினிக்கில் காட்டியபோது, மாதவிடாய் நிற்கும் வயது, அப்படித்தான் இருக்கும் என்று சத்து மாத்திரை கொடுத்து அனுப்பியிருந்தார்கள்.

தீபாவளிக்கு முதல் நாள் மாலை. காலையில் பெரட்டுக்குப் போய், பால் வெட்டி, பால் எடுத்து, ஸ்டோரில் ஊற்றிவிட்டு வந்த மனுஷி, விறகடுப்பின் முன் அமர்ந்து முறுக்குச் சுட்டுக்கொண்டிருந்தார். திடீரென்று எழுந்து அஞ்சடியில் போய் உட்கார்ந்துவிட்டார். முகமெல்லாம் வியர்வை. தாடை வலிக்கிறது என்றார். வயிற்றைக் குமட்டுகிறது என்றார். தோள்பட்டை கழன்று விழுவதுபோல் இருக்கிறது என்றார். நெஞ்சு வலிக்கிறது என்று மட்டும் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை.

"ஒண்ணுமில்ல தாயி, காத்துதான். நெருப்புக்கிட்ட ரொம்ப நேரம் உக்காந்துட்டேன். நீ போயி முறுக்க எடு, கருகிடப் போகுது" என்றார்.

நானும் காற்று என்றே நம்பினேன். ஓமத் தண்ணீர் வைத்துக் கொடுத்தேன். முதுகில் தைலம் தேய்த்துவிட்டேன். கொஞ்சம் தேவலை என்று சொல்லிப் படுத்தார். விடியற்காலை எண்ணெய்க் குளியலுக்கு எழுப்பப் போனபோது உடம்பு சில்லிட்டிருந்தது.

அன்பர்களே, அந்த வார்டில் நான் நாள்தோறும் மாரடைப்பு நோயாளிகளைப் பார்த்தவள். வியர்வை, குமட்டல், தாடை வலி எல்லாம் எதற்கு அடையாளம் என்று தேர்வில் எழுதித் தேறியவள். ஆனால் என் கட்டில்களில் படுத்திருந்தவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். மாரடைப்பு என்றால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வரும் ஓர் ஆணின் உருவம்தான் என் மனத்தில் பதிந்திருந்தது. அடுப்படியில் இருந்து எழுந்து வந்த அம்மாவிடம் அந்த உருவத்தை நான் காணவில்லை.

நான்கு ஆண்டுகள் கழித்து, 1988-இல், என் தகப்பனார் வெளிக்காட்டில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். கங்காணி ஓடினார், டிரசர் ஓடிவந்தார், தோட்டத்து வேன் வந்தது. குவாலா பிலா வழியாக, புக்கிட் புத்துஸ் மலை வளைவுகளைக் கடந்து சிரம்பான் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். பிழைத்துக்கொண்டார். அதன்பின் 13 ஆண்டுகள் இருந்து பேரப்பிள்ளைகளைத் தூக்கிக் கொஞ்சினார். அதே தோட்டம், அதே வேன், அதே சாலைதான் நான்கு ஆண்டுகளுக்கு முன்பும் இருந்தன. அம்மாவுக்காக அந்த வேனைக் கூப்பிட வேண்டும் என்று எங்களில் யாருக்கும் தோன்றவில்லை. மற்ற யாரையும்விட எனக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

மருத்துவ உலகம் விழித்துக்கொண்ட கதை

இது என் ஒருத்தியின் தவறு என்றுதான் பல காலம் நினைத்திருந்தேன். பிறகு படிக்கப் படிக்க, மருத்துவ உலகமே இந்தத் தவறைச் செய்துகொண்டிருந்தது தெரியவந்தது.

டாக்டர்கள் கழுத்தில் மாட்டியிருக்கும் ஸ்டெதஸ்கோப் எப்படி வந்தது தெரியுமா? 1816-இல் பாரிஸ் நகரில் லென்னக் என்ற மருத்துவரிடம் இருதயக் கோளாறுடன் ஓர் இளம்பெண் வந்தாள். அக்காலத்தில் டாக்டர் நோயாளியின் மார்பில் நேராகக் காதை வைத்துத்தான் கேட்பார். பெண்ணின் மார்பில் காது வைக்க அவருக்குக் கூச்சம். காகிதத்தைக் குழலாகச் சுருட்டி, ஒரு முனையை அவள் மார்பிலும் மறுமுனையைத் தம் காதிலும் வைத்தார். இருதயத் துடிப்பு முன்னைவிடத் தெளிவாகக் கேட்டது. ஒரு பெண்ணின் மானத்தைக் காக்கப் பிறந்த கருவிதான் உலகம் முழுவதும் இருதயத்தைக் கேட்கிறது. ஆனால் அதற்குப் பிறகு நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல், பெண்ணின் இருதயம் சொல்வதை யாரும் தனியாகக் கேட்கவில்லை.

இருதய நோய் பற்றிய பெரிய ஆய்வுகள் பலவற்றில் பெண்களே இல்லை. மாரடைப்பைத் தடுக்க ஆஸ்பிரின் உதவுமா என்று அமெரிக்காவில் 22,071 மருத்துவர்களிடம் நடத்திய ஆய்வின் முடிவு 1989-இல் வெளிவந்தது. அத்தனை பேரும் ஆண்கள். அதற்கு முன், 1978-இல், கனடாவில் நடந்த பக்கவாத ஆய்வு ஒன்று, ஆஸ்பிரின் ஆண்களுக்கு உதவுகிறது, பெண்களுக்கு உதவுவதாகத் தெரியவில்லை என்றது. அதில் சேர்க்கப்பட்ட பெண்களின் தொகை அப்படி ஒரு முடிவு சொல்லப் போதாது. பின்னர் நடந்த பெரிய ஆய்வுகள், பக்கவாதமோ மாரடைப்போ ஒருமுறை வந்துவிட்டால் ஆஸ்பிரின் இரு பாலருக்கும் உதவும் என்று காட்டின.

சிறு தொகையை வைத்துக் கணக்குப் போட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு வேடிக்கையும் உண்டு. 1988-இல் வெளியான இன்னோர் ஆய்வில், மாரடைப்பு வந்த 17,000-க்கும் மேற்பட்டவர்கள் இருந்தார்கள். ஆஸ்பிரின் நன்றாக வேலை செய்தது. ஆய்வாளர்கள் வேண்டுமென்றே நோயாளிகளைப் பிறந்த ராசிப்படி பிரித்துப் பார்த்தார்கள். மிதுனத்துக்கும் துலாத்துக்கும் மட்டும் மருந்து பலிக்கவில்லை என்று கணக்கு வந்தது! நீங்கள் சிரிக்கிறீர்கள். துண்டு துண்டாக வெட்டினால் கணக்கு பொய் சொல்லும் என்று காட்டத்தான் அவர்கள் அப்படிச் செய்தார்கள். ஆனால் பெண்களைச் சிறு துண்டாக வைத்துக் கணக்குப் பார்த்தபோது யாரும் சிரிக்கவில்லை.

1991-இல் நிலைமை மாறத் தொடங்கியது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ், மேரிலாந்து மாநிலங்களில் இருதய நோய்க்காக மருத்துவமனையில் சேர்ந்த 80,000-க்கும் மேற்பட்டோரின் பதிவுகளை ஆராய்ந்தார்கள். பெண்களுக்கு ஆஞ்சியோகிராம் சோதனையும், அடைப்பு நீக்கும் சிகிச்சையும், பைபாஸ் அறுவையும் ஆண்களைவிடக் குறைவாகவே செய்யப்பட்டிருந்தன. அமெரிக்க தேசிய சுகாதாரக் கழகங்களின் முதல் பெண் தலைவரான டாக்டர் பெர்னடின் ஹீலி, தாமே இருதய மருத்துவர், அந்த ஆண்டு இதற்கு ஒரு பெயர் வைத்தார்: 'யெந்தல் நோய்க்குறி'. யெந்தல் என்பவள் ஒரு யூதக் கதையின் நாயகி. மறைநூல் கற்கப் பெண்களுக்கு அனுமதியில்லாததால் ஆண் வேடமிட்டுப் போய்ப் படித்தவள். பெண்ணும் தனக்கு ஆணைப்போலவே நோய் இருப்பதாக நிரூபித்துக் காட்டினால்தான் ஆணுக்குக் கிடைக்கும் சிகிச்சை அவளுக்குக் கிடைக்கிறது என்பது ஹீலி அம்மையாரின் குற்றச்சாட்டு. 1993-இல் அந்நாட்டில், அரசுப் பணத்தில் நடக்கும் மருத்துவ ஆய்வுகளில் பெண்களையும் சேர்த்தே ஆகவேண்டும் என்று சட்டம் வந்தது.

பர்மாவில் பிறந்த டாக்டரம்மா

நம்மவர் ஒருவரையும் இங்கே நினைக்க வேண்டும். டாக்டர் சிவராமகிருஷ்ண ஐயர் பத்மாவதி 1917-இல் பர்மாவில் பிறந்தவர். ரங்கூனில் மருத்துவம் படித்தார். 1942-இல் ஜப்பானியர் படையெடுப்பின்போது தாயுடனும் சகோதரிகளுடனும் கோயம்புத்தூருக்குத் தப்பி வந்தார். ஜப்பான்காரன் காலத்தை மலாயாவில் அனுபவித்த நம் குடும்பங்களுக்கு அந்தக் கஷ்டம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. போர் முடிந்ததும் இங்கிலாந்து, அமெரிக்கா சென்று, குழந்தைகளின் இருதய நோயில் புகழ்பெற்ற ஹெலன் டாசிக் அம்மையார் முதலியோரிடம் பயின்று, இந்தியாவின் முதல் பெண் இருதய மருத்துவர் ஆனார். 1962-இல் அகில இந்திய இருதய அறக்கட்டளையை நிறுவினார். 1992-இல் பத்ம விபூஷண் விருது பெற்றார். 2020-இல் 103 வயதில் காலமானார்.

1950-களில் டில்லியில் அவர் கண்ட ஒரு செய்தி நமக்கு முக்கியம். நுரையீரல் கெட்டு, அதனால் இருதயத்தின் வலப்பக்கம் வீங்கிப்போகும் நோய் மேல்நாடுகளில் பெரும்பாலும் ஆண்களுக்கு வந்தது. அங்கோ, சிகரெட்டே தொடாத பெண்களுக்கும் ஆண்களுக்கு நிகராக வந்தது. வீட்டு அடுப்புப் புகையைத்தான் அவர் முக்கியக் காரணமாகச் சுட்டினார். பெண் எங்கே நிற்கிறாள், எதைச் சுவாசிக்கிறாள் என்று ஒரு பெண் மருத்துவர் கேட்டதால் கிடைத்த விடை அது. நம் லயத்துச் சமையற்கட்டுகளின் கரி படிந்த சுவர்களை நினைத்துப் பாருங்கள்.

பெண்ணின் இருதயத்தில் என்ன வேறுபாடு?

முதலாவது, காலம். 52 நாடுகளில் நடந்து 2004-இல் வெளியான 'இன்டர்ஹார்ட்' ஆய்வின்படி, பெண்களுக்கு முதல் மாரடைப்பு ஆண்களைவிடச் சுமார் 9 ஆண்டுகள் தாமதமாக வருகிறது. மாதவிடாய் நிற்கும்வரை உடலில் சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் இரத்தக் குழாய்களுக்கு ஓரளவு காவலாக இருக்கிறது. ஆனால் தெற்காசியர்களாகிய நமக்கு ஆண், பெண் இருவருக்குமே மற்ற பல இனத்தவரைவிட முன்னதாக வருகிறது என்பதையும் அதே ஆய்வு காட்டியது.

இரண்டாவது, இனிப்பு நீர். இது வந்துவிட்டால் பெண்ணின் காவல் பெருமளவு போய்விடுகிறது. எட்டரை லட்சம் பேரின் விவரங்களைத் தொகுத்து 2014-இல் வெளியான ஆய்வு, இனிப்பு நீரால் இருதய நோய் ஆபத்து கூடும் அளவு ஆண்களைவிடப் பெண்களுக்கு ஏறத்தாழ 44 விழுக்காடு அதிகம் என்றது. நம் நாட்டின் 2019-ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வில், பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர். இந்தியர்களிடையே 31.4 விழுக்காடு, அதாவது ஏறக்குறைய மூவரில் ஒருவர்.

மூன்றாவது, பிள்ளைப்பேறு. கர்ப்பத்தில் இரத்த அழுத்தம் ஏறியவர்கள், கர்ப்பகாலத்தில் இனிப்பு நீர் வந்தவர்கள், பிள்ளை பிறந்ததும் எல்லாம் சரியாகிவிட்டது என்று மறந்துவிடுகிறோம். பிற்காலத்தில் இவர்களுக்கு இருதய நோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். இதை டாக்டரிடம் நீங்களாகவே சொல்லுங்கள்.

நான்காவது, அடைப்பு உண்டாகும் விதம். பெண்ணின் குழாய்கள் பொதுவாகச் சிறியவை. சிலருக்குப் பெரிய குழாய்களில் அடைப்பே இராது. கண்ணுக்குத் தெரியாத நுண்குழாய்களில் கோளாறு இருக்கும். ஆஞ்சியோகிராமில் ஒன்றுமில்லை என்று சொன்ன பிறகும் வலி தொடர்ந்தால், அது மனப்பிரமை என்று விட்டுவிடக் கூடாது. பெருந்துக்கமோ அதிர்ச்சியோ தாக்கி இருதயம் பலவீனமாகும் ஒரு நோயை ஜப்பானிய மருத்துவர்கள் 1990-இல் விவரித்தார்கள். இது வருவோரில் பத்தில் ஒன்பது பேர் பெண்கள், அதிலும் மாதவிடாய் நின்றவர்கள். 'நெஞ்சு வெடித்துப் போனாள்' என்று நம் பாட்டிமார் சொன்னதில் உண்மை இல்லாமல் இல்லை.

ஐந்தாவது, சோதனை. மாரடைப்பைக் காட்டும் டிரோபோனின் என்ற இரத்தச் சோதனைக்கு ஆண், பெண் இருவருக்கும் ஒரே அளவுகோல் வைத்திருந்தார்கள். ஸ்காட்லாந்தில் பெண்களுக்கென்று தனி அளவு வைத்துப் பார்த்தபோது, மாரடைப்பு என்று கண்டறியப்பட்ட பெண்களின் விகிதம் 11 விழுக்காட்டிலிருந்து 22 விழுக்காடாக உயர்ந்தது. 2015-இல் இது வெளியானது. வருத்தமான செய்தி என்னவென்றால், இந்தப் புதிய அளவால் நோய் கண்டறியப்பட்ட பின்பும் பெண்களுக்குக் கிடைத்த சிகிச்சை ஆண்களுக்குக் கிடைத்ததைவிடக் குறைவாகவே இருந்தது என்று பின்வந்த ஆய்வு சொன்னது. ஆகவே, கருவி மாறினால் மட்டும் போதாது. பார்க்கிறவர் மனமும் மாறவேண்டும்.

நம் நாட்டில், நம் தோட்டங்களில்

தோட்டத்து மருத்துவம் மலேரியாக் காலத்தில் உருவானது. காய்ச்சல், வயிற்றுப்போக்கு, பிரசவம், காயம் இவற்றுக்காகவே தோட்டத்து ஆஸ்பத்திரிகள் இருந்தன. 1965-இல் தோட்ட மருத்துவ உதவியாளர்களைப் பதிவுசெய்யும் சட்டம் வந்தது. எத்தனையோ டிரசர்கள் இரவு பகல் பாராமல் நம்மைக் காத்தார்கள். அவர்களுக்கு நாம் நன்றிக்கடன் பட்டவர்கள். ஆனால் நோய் மாறிவிட்டது. 2020-இல் நம் நாட்டில் மருத்துவர் சான்றளித்த மரணங்களில் 17 விழுக்காடு இருதயக் குழாய் நோயால் நேர்ந்தவை. மற்ற எந்தக் காரணத்தையும்விட இது அதிகம்.

1992-இல் கோலாலம்பூரில் ஐ.ஜே.என். எனப்படும் தேசிய இருதயக் கழகம் தோன்றியது. 2006 முதல் மாரடைப்பு நோயாளிகளின் தேசியப் பதிவேடு இருக்கிறது. அந்தப் பதிவேட்டின் முதல் சில ஆண்டு விவரங்களைப் பாருங்கள். வருவோரில் நால்வரில் ஒருவர் பெண். அவர்கள் ஆண்களைவிட வயதானவர்கள். இனிப்பு நீரும் இரத்த அழுத்தமும் கூடுதல். அடைப்பு நீக்கும் சிகிச்சை கிடைத்தது குறைவு. இறந்தவர் விகிதம் அதிகம். வயதும் மற்ற நோய்களும் இதற்கு ஒரு காரணம் என்பதை மறைக்கக் கூடாது. ஆனால் தாமதமும் ஒரு காரணம். அதை நாம் குறைக்க முடியும்.

தாமதம் எங்கே தொடங்குகிறது? வீட்டில். தோட்டத்துப் பெண் கடைசியாகச் சாப்பிடுகிறவள், கடைசியாகப் படுக்கிறவள், கடைசியாக டாக்டரிடம் போகிறவள். ஒரு நாள் வேலைக்குப் போகாவிட்டால் சம்பளம் போகும் என்ற பயம். ஆண் டாக்டர் முன் இரவிக்கையைக் கழற்றி ஈ.சி.ஜி. எடுக்கக் கூச்சம். நான் பார்த்திருக்கிறேன், சோதனை அறையின் திரை வரைக்கும் வந்துவிட்டு, "வேணாம் மிஸ்ஸி, சரியாயிடுச்சு" என்று திரும்பிப் போனவர்களை. தாய்மார்களே, பெண் தாதி எடுக்கட்டும் என்று கேளுங்கள். உடம்பைப் போர்த்திக்கொண்டே ஈ.சி.ஜி. எடுக்கலாம். அப்படிக் கேட்பதில் தப்பில்லை.

இன்னொன்று. 'சிகரெட் பிடிப்பதுண்டா?' என்று டாக்டர் கேட்டால் இல்லை என்கிறோம். உண்மைதான். ஆனால் இடுப்பில் வெற்றிலைப் பை இருக்கிறது, அதில் புகையிலை இருக்கிறது. வாயில் அடக்கும் புகையிலை மாரடைப்பு ஆபத்தை இரு மடங்குக்கு மேல் கூட்டுகிறது என்று அதே இன்டர்ஹார்ட் ஆய்வு காட்டியது. கேட்காவிட்டாலும் சொல்லிவிடுங்கள். முடிந்தால் விட்டுவிடுங்கள்.

இப்போது நீலாய், லாபு, மந்தின் பக்கமெல்லாம் பல தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறிவிட்டன. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. நம் மக்கள் அடுக்குமாடிக்கும் தாமானுக்கும் குடிபெயர்ந்தார்கள். தோட்டத்தில் டிரசர் இருந்தார், வேன் இருந்தது, பக்கத்து வீட்டு அக்கா இருந்தார். நான்காவது மாடியில் தனியாக இருக்கும் பாட்டிக்கு யார் இருக்கிறார்கள் என்று யோசியுங்கள்.

எவற்றைக் கண்டால் விழித்துக்கொள்வது?

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். பெண்களுக்கும் மாரடைப்பின் முக்கிய அறிகுறி நெஞ்சுவலி, நெஞ்சு இறுக்கம், நெஞ்சில் பாரம் வைத்தது போன்ற உணர்வுதான். ஆனால் அது இல்லாமலும் வரலாம். 1994 முதல் 2006 வரை அமெரிக்காவில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட மாரடைப்பு நோயாளிகளைப் பார்த்ததில், நெஞ்சுவலி இல்லாமல் வந்தவர்கள் பெண்களில் 42 விழுக்காடு, ஆண்களில் 31 விழுக்காடு. அப்படி வந்தவர்களுக்கு வைத்தியம் தாமதமாயிற்று.

ஆகவே, தாடை, கழுத்து, தோள், முதுகு, கை, மேல்வயிறு ஆகியவற்றில் வலி, மூச்சுத் திணறல், காரணமில்லாத குளிர்ந்த வியர்வை, குமட்டல், வாந்தி, தலைசுற்றல், இதுவரை இல்லாத பெருஞ்சோர்வு, இவை திடீரென்று வந்து சில நிமிடங்களில் போகாவிட்டால், அதுவும் இனிப்பு நீரோ இரத்த அழுத்தமோ உள்ள பெண்ணுக்கு வந்தால், காற்று என்று முடிவு கட்டாதீர்கள். உடனே 999 எண்ணுக்குக் கூப்பிடுங்கள். நோயாளியை நடக்கவிடாதீர்கள், தனியாகக் காரோ மோட்டார் சைக்கிளோ ஓட்ட விடாதீர்கள். ஆஸ்பிரின் கொடுக்கலாமா என்று தொலைபேசியில் பேசுபவரிடமே கேளுங்கள். இருதயத் தசை நிமிடத்துக்கு நிமிடம் செத்துக்கொண்டிருக்கும். முதல் ஒரு மணி நேரத்தில் கிடைக்கும் சிகிச்சைக்கு ஈடு எதுவும் இல்லை. போய்ப் பார்த்துக் கடைசியில் அது காற்றுதான் என்று தெரிந்தால் யாரும் உங்களைக் கேலி செய்ய மாட்டார்கள். அப்படி நிம்மதியாகத் திரும்பிப் போன குடும்பங்களை நான் சிரித்த முகத்தோடு வழியனுப்பியிருக்கிறேன்.

நாம் செய்யக்கூடியவை

தாய்மார்களுக்கு: ஆண்டுக்கு ஒரு முறையாவது இரத்த அழுத்தம், இனிப்பு, கொழுப்பு மூன்றையும் சோதியுங்கள். அரசாங்க உதவித்தொகை பெறுவோருக்கும் அவர்களின் துணைவர்க்கும் இலவசச் சோதனை செய்ய 2019-இல் பெக்கா பி40 திட்டம் வந்தது. கணவர் பெயரில் உதவித்தொகை வந்தாலும் மனைவிக்கும் அதில் உரிமை உண்டு. டாக்டர் கொடுத்த மாத்திரையை உடம்பு தேறியதும் நிறுத்தாதீர்கள். மகனின் மருந்தை வேளை தவறாமல் கொடுக்கும் நீங்கள், உங்கள் மருந்தை மட்டும் மறக்கிறீர்கள்.

கணவன்மார்க்கும் பிள்ளைகளுக்கும்: அம்மா "ஒண்ணுமில்ல" என்று சொன்னால் நம்பாதீர்கள். அவர் வாழ்நாள் முழுவதும் அதைத்தான் சொல்லிவந்திருக்கிறார். மருத்துவமனையில் அவருக்குப் பக்கத்தில் நின்று, "இது இருதயமாக இருக்குமா, ஈ.சி.ஜி. எடுத்தீர்களா?" என்று மரியாதையாகக் கேளுங்கள். சிகிச்சை முடிந்து வீடு திரும்பிய ஆணுக்கு மூன்று மாதம் ஓய்வு கொடுக்கிறோம். பெண் மூன்றாம் நாளே துணி துவைக்கிறாள். அந்த வாளியை நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள்.

கொடையாளர்களுக்கு ஒரு விண்ணப்பம்: ஆலயத்துக்கு வரும் பெண்கள் கிளினிக்குக்குப் போவதில்லை. ஆகவே சோதனையை ஆலய மண்டபத்துக்குக் கொண்டு வாருங்கள். ஆடி வெள்ளி, நவராத்திரி நாள்களில் கூட்டம் கூடும்போது, ஓர் ஓரத்தில் திரை கட்டி, இரண்டு பெண் தாதியரை உட்கார வையுங்கள். இரத்த அழுத்தக் கருவியும் இரத்தச் சர்க்கரை பார்க்கும் கருவியும் போதும். அளவு கூடுதலாக இருப்பவர்களின் பெயரை எழுதிவைத்து, அவர்களைக் கிளினிக்குக்கு அழைத்துப் போக ஒரு வேனுக்கு ஏற்பாடு செய்யுங்கள். சோதனை மட்டும் செய்துவிட்டு, போய் டாக்டரைப் பாருங்கள் என்று அனுப்பினால் பாதிப் பேர் போகமாட்டார்கள். வேன் வாசலில் நின்றால் போவார்கள். அன்னதானத்தில் எண்ணெயையும் உப்பையும் சர்க்கரையையும் கொஞ்சம் குறைத்தால் அதுவும் ஒரு தருமமே.

என் தாயாரை நான் திரும்பக் கொண்டுவர முடியாது. நாற்பது ஆண்டுகளாக ஒவ்வொரு தீபாவளிக்கு முதல் நாளும் அந்த அஞ்சடி என் கண்முன் வருகிறது. இந்த மண்டபத்தில் இருக்கும் ஒரு மகள், ஒரு மருமகள், ஒரு மகன் இன்று கேட்டதை நினைவில் வைத்து, ஓமத் தண்ணீரைக் கீழே வைத்துவிட்டுத் தொலைபேசியை எடுத்தால், நான் இங்கே வந்து பேசியதற்குப் பலன் கிடைத்துவிடும்.

பின்னால் திரைக்கு அப்பால் தாதியர் காத்திருக்கிறார்கள். உரை முடிந்ததும் ஆண்கள் முதலில் போய் வரிசையில் நிற்காமல், தாய்மார்களை முதலில் அனுப்புங்கள்.